தீயணைப்பு வண்டி வரும் வரை: கூரை வீடுகள் உள்ள ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் ஊரிலிருந்து தீயணைப்பு நிலையம் 15, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதா? தெருவில் பாதி வீடுகள் கீற்றோ பனை ஓலையோ வேய்ந்தவையா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எங்கள் தெருவில் ஒரு கோடைப் பகலில் வரிசையாகக் கூரைகள் எரிந்த பிறகு எந்த ஆபீஸில் எந்தக் காகிதம் கேட்பார்கள், எதை யார் செய்து தருவார்கள் என்று அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நடைமுறை எல்லாம் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கானது.

கிராமப்புறத்தில் அழைப்பு வந்த 20 நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது தேசிய அளவில் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு. வெயிலில் காய்ந்த கீற்றுக் கூரைக்கு அதில் பாதி நேரம் போதும், தரையோடு உட்கார்ந்துவிடும். ஆகவே முதல் 20 நிமிடம் ஊரின் பொறுப்பு என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பெரும்பாலான ஊர்களில் “எங்களுக்குத் தீயணைப்பு நிலையம் வேண்டும்” என்ற மனுவோடுதான் ஆரம்பிக்கிறார்கள். மனு தேவைதான். ஆனால் அது கடைசிப் படி, பலன் வர வருடக்கணக்கில் ஆகும்.

1. முதலில் நிலையத்துக்கு நேரில் போங்கள்

உங்கள் ஊர் எந்த நிலையத்தின் எல்லையில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் நிலையம்தான் உங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். மாவட்ட எல்லையில் உள்ள ஊர்களுக்கு இது அடிக்கடி குழப்பம் தரும். நிலைய அலுவலரைப் பார்த்து ஒரு கடிதம் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: ஊராட்சியின் பெயர், ஒன்றியம், கூரை வீடுகள் உள்ள தெருக்கள், லாரி நுழையக்கூடிய வழி, நுழைய முடியாத வழி, தண்ணீர் எடுக்கக்கூடிய குளம், கிணறு, மேல்நிலைத் தொட்டி. ஒரு வெள்ளைத்தாளில் கையால் வரைந்த வரைபடமே போதும். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே கடிதத்தில் ஊரில் ஒரு செயல்விளக்கம் நடத்தித் தரும்படி கேளுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அந்த வாரம் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் என்று அவர்களுக்கு நிற்க நேரம் இருக்காது. பிப்ரவரியிலேயே கேட்டால் மார்ச்சில் ஒரு நாள் கிடைக்கும். கோடைக்கு முன்னால் நடத்துவதில்தான் பிரயோஜனம்.

அவசர எண்கள் 101, 112. இவற்றோடு நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண்ணையும் வாங்கி ரேஷன் கடை, டீக்கடை, அங்கன்வாடிச் சுவரில் பெயின்ட்டில் எழுதிவையுங்கள். மொபைலில் அழைக்கும்போது அழைப்பு எந்த டவருக்குப் போகிறதோ அதைப் பொறுத்துப் பக்கத்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எடுக்கவும் கூடும். “புதூர்ல தீ” என்று சொல்லி வைத்துவிட்டால் போனை எடுத்தவர் எந்தப் புதூர் என்று தேடுவார்? ஒன்றியத்தின் பெயர், மெயின் ரோட்டில் இறங்கும் பஸ் ஸ்டாப், எரிவது கூரையா வைக்கோல் போரா கேஸா என்ற மூன்றையும் சொல்லப் பழக வேண்டும். அழைத்த உடனே பைக்கில் ஒருவர் மெயின் ரோட்டு முனைக்குப் போய் நிற்க வேண்டும். வண்டியை உள்ளே அழைத்துவருவது அவர் வேலை. தீயைப் பார்க்க ஓடுகிற கூட்டத்தில் இந்த ஒரு வேலையை யாரும் செய்வதில்லை.

2. தண்ணீர்

இதுதான் மிக முக்கியம், இதில்தான் சிக்கலும் அதிகம்.

ஒரு தீயணைப்பு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். அப்புறம் வண்டி தண்ணீர் தேடிப் போகும். அந்த இடைவெளியில்தான் அணைந்த கூரை மறுபடி பிடிக்கும். பக்கத்திலேயே நிரப்பிக்கொள்ள ஏற்பாடு இருந்தால் ஒரு வண்டி மூன்று வண்டி வேலை செய்யும்.

எளிதான ஏற்பாடு: ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கிளை எடுத்து, கேட் வால்வு போட்டு, முனையில் 63 மில்லிமீட்டர் தீயணைப்பு இணைப்பு மாட்டுவது. தீயணைப்புத் துறையின் ஓஸ் (தண்ணீர் அடிக்கும் நீளக் குழாய்) அதில் நேரே பொருந்தும். எந்த வகை இணைப்பு, ஆணா (உள்ளே நுழைவது) பெண்ணா (வாங்கிக்கொள்வது) என்பதை நிலையத்தில் கேட்டு, முடிந்தால் அவர்களுடைய ஓஸைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கடைக்காரர் “எல்லாத்துக்கும் இதுதான் சார்” என்பார். நம்ப வேண்டாம். தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் தண்ணீரைக் கூரை மேல் பீய்ச்சப் போதாது. வண்டியையும் டிராக்டர் டேங்கரையும் நிரப்பத்தான் அது. தொட்டி இருக்கும் இடம் வண்டி திரும்ப வசதியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி, பலரும் யோசிக்காத ஒரு விஷயம். தீப்பிடித்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்தியதும் போர்வெல் மோட்டாரும் நின்றுவிடும். தொட்டி காலியாக இருந்தால் ஊரே குடத்தோடு நிற்கும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மார்ச் முதல் ஜூலை வரை தொட்டியில் எப்போதும் பாதிக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும்படி டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லி, அதைக் கிராம சபைத் தீர்மானத்திலும் எழுதிவைப்பது. இன்னொன்று, ஊரில் யாரிடம் ஆயில் இன்ஜின் இருக்கிறது, யாரிடம் டிராக்டர் டேங்கர் இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, சாவி எங்கே இருக்கும் என்பது வரை பேசிவைப்பது. டீசல் செலவை யார் கொடுப்பது என்றும் அப்போதே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் மனஸ்தாபம் வரும்.

டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் பிடுங்குவது, சுவிட்சைத் தட்டுவது இதையெல்லாம் ஊர்ப் பையன்கள் செய்யக் கூடாது. லைன்மேன் எண்ணும் மின்வாரியப் பிரிவு அலுவலக எண்ணும் தீயணைப்பு எண்ணுக்குக் கீழேயே சுவரில் இருக்கட்டும்.

3. என்ன வாங்கலாம், என்ன வேண்டாம்

வசூல் செய்து முதலில் வாங்குவது சிவப்பு நிறத் தீயணைப்பான்தான். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். கீற்றுக் கூரையில் அதனால் பெரிய பயனில்லை. 6 கிலோ ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் அரை நிமிடம்கூட அடிக்காது. சுடரை அமுக்கும், கூரையைக் குளிரவைக்காது, கங்கு உள்ளேயே கிடந்து திரும்பப் பிடிக்கும். அது பயன்படும் இடங்கள் பள்ளிச் சத்துணவுக்கூடம், அங்கன்வாடிச் சமையலறை, ரேஷன் கடை, மோட்டார் ரூம். விலை கம்பெனியைப் பொறுத்து 2,000 முதல் 3,500 ரூபாய் வரை இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரித்த தேதியும் பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

கூரைத் தீக்கு வேண்டியவை வேறு. 15 அடி மூங்கிலில் இரும்புக் கொக்கி மாட்டிய துரட்டிகள் (பட்டறையில் சொன்னால் அடித்துத் தருவார்கள்), நனைக்கச் சாக்கு, ஏணி, இன்ஜினோடு பொருந்தும் 100 அடி ஓஸ். எரிகிற கூரையை அணைப்பதைவிட, காற்று போகும் பக்கத்தில் அடுத்த கூரையைப் பிரித்து வழியை அறுப்பதுதான் தெருவைக் காப்பாற்றும்.

ஆனால் யார் வீட்டுக் கூரையைப் பிரிப்பது? அந்த நேரத்தில் வீட்டுக்காரர் அரிவாளோடு நிற்பார், நியாயம்தானே. இதை முன்கூட்டியே தெருவில் உட்கார்ந்து பேசுங்கள்: முடிவெடுப்பது யார், பிரித்த கூரைக்கு மறுநாளே கீற்று வாங்கிப் போட்டுத் தருவது யார் செலவு. நாங்கள் கோயில் பொதுப் பணத்தில் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவைத்த பிறகுதான் ஆட்கள் சரி என்றார்கள். விபத்து அறிக்கையிலும் “தீ பரவாமல் தடுக்கப் பிரிக்கப்பட்ட கூரை” என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

4. கிராம சபைத் தீர்மானம்

தொட்டியில் இணைப்பு, தெருமுனையில் மின்விளக்கு, வழியை அடைக்கும் ஆக்கிரமிப்பு என எதைக் கேட்டாலும் “தீர்மானம் இருக்கா?” என்பார்கள். ஆண்டுக்கு 6 கிராம சபைகள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அக்டோபர் 2 கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான பேச்சு அந்தச் சமயத்தில்தான் சூடுபிடிக்கும். திட்டத்தில் பெயர் ஏறாத வேலைக்குப் பணம் வராது.

கவனிக்க வேண்டியவை:

கூட்டத்துக்கு முன்பே தீர்மானத்தை எழுதி ஊராட்சி செயலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னது பதிவேட்டில் ஏறாது. “தீ பாதுகாப்பு வேண்டும்” என்று பொதுவாக எழுதாமல், “இன்ன தெரு மேல்நிலைத் தொட்டியில் 63 மி.மீ. தீயணைப்பு இணைப்பு அமைக்க” என்று வேலையின் பெயரோடு எழுதுங்கள். கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லை என்றால் எல்லாம் வீண். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். தெருவிலிருந்து பெண்களைத் திரட்டிக்கொண்டு போங்கள். எங்கள் அனுபவத்தில் அவர்கள் கேட்டால்தான் பதில் வரும்.

பிறகு தீர்மான நகல். கொடுக்க இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊராட்சி என்றால் நகலோடு நேரே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம் போய், ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு போடச் சொல்லுங்கள். மதிப்பீடு இல்லாத தீர்மானம் நகராது. ஊராட்சி நிதியில் இடமில்லை என்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்ட வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் சிறிய வேலைக்கு அது சிரமமில்லை.

5. கரண்டும் கேஸும்

குடிசைகளுக்கு ஒரு விளக்குக்காகக் கொடுத்த இணைப்பில் இன்று டி.வி., மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடுகின்றன. ஒயர் அதேதான். கூரையின் மூங்கிலில் ஆணி அடித்துச் சுற்றிய ஒயரைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். குழாய்க்குள் ஒயர் இழுத்து, ஒரு எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டாலே பாதி ஆபத்து போகும்.

தொங்கும் மின்கம்பிக்குக் கீழே வைக்கோல் போர் போடக் கூடாது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் கம்பியில் உரசி எரிவது அறுவடை முடிந்தால் ஒவ்வொரு வருடமும் செய்தியில் வரும். தாழ்ந்த கம்பி இருந்தால் போட்டோவோடு பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணிலும் புகார் பதிந்து எண்ணைக் குறித்துவையுங்கள். பின்னால் அந்தக் கம்பியால் தீப்பிடித்தால் இந்தப் புகார் எண்தான் பேசும்.

கேஸ் கசிந்தால் 1906. பலருக்கும் தெரியாத விஷயம், வீட்டுச் சிலிண்டர் இணைப்புக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீடு. நாம் தனியாக எதுவும் கட்ட வேண்டாம். கேஸே காரணமான விபத்தில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த முகவரியில் உள்ள வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை வரம்பு. சிக்கல் எங்கே என்றால், “பதிவு செய்த முகவரி” என்ற சொற்களில்தான். அம்மா வீட்டு முகவரியில் எடுத்த இணைப்பைத் தன் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு வீட்டுச் சேதம் கிடைப்பது கஷ்டம். ஏஜென்சியில் முகவரியை இப்போதே மாற்றுங்கள். விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்து நகலில் சீல் வாங்குங்கள். அவர்கள்தான் நிறுவனத்துக்கும் நிறுவனம் காப்பீட்டாருக்கும் தெரிவிக்க வேண்டும்.

6. எரிவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டிய காகிதம்

தகரப் பெட்டி தீயிலிருந்து காக்காது, உள்ளே இருக்கும் தாள் கருகிவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கவர் தயார் செய்து, அசலோ நகலோ ஒன்றை வெளியூர் உறவினர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கவரில் பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், கேஸ் புத்தகம், வீட்டு வரி ரசீது இருக்க வேண்டும். கூடவே வீட்டை முன்பக்கமும் உள்பக்கமும் எடுத்த போட்டோ. மாட்டுத் தொழுவத்தையும் சேர்த்து எடுங்கள்.

வீட்டு வரி ரசீதை ஏன் சேர்க்கிறேன் என்பது அடுத்த படியில் தெரியும்.

7. எரிந்த பிறகு முதல் மூன்று நாள்

அணைந்த உடனே சுத்தம் செய்யத் தொடங்காதீர்கள். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள்.

முதல் நாள்: வி.ஏ.ஓ.வுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் எழுத்தில் தகவல். ஸ்டேஷனில் குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள். உயிரிழப்போ காயமோ இருந்தால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் அணைத்துவிட்டாலும் நிலையத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். வண்டி வந்து பார்க்காத தீக்கு அவர்களிடம் பதிவு இருக்காது, பதிவு இல்லாத தீக்குத் தீ விபத்து அறிக்கையும் கிடைக்காது. “அணைஞ்சிருச்சு, வர வேண்டாம்” என்று திருப்பி அனுப்புவதால் கெடுவது நம் வேலைதான்.

மாடு, ஆடு செத்திருந்தால் புதைக்காதீர்கள். கால்நடை மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டும். கோடையில் நாற்றம் தாங்காது என்று அவசரப்பட்டுப் புதைத்தவர்கள் யாருக்கும் பணம் வந்து நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள்: வி.ஏ.ஓ. எழுதும் அறிக்கையைக் கூட இருந்து பாருங்கள். அது ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தாருக்குப் போகும், அதில் எழுதப்பட்ட சொல்தான் தொகையைத் தீர்மானிக்கும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022–26 காலத்துக்கு வகுத்த விதிப்படி, தீயும் அந்தப் பட்டியலில் உண்டு. அதில் குடிசைக்கு 8,000 ரூபாய். ஆனால் முழுதும் சேதமான வீட்டுக்கு, கச்சா வீடாக (மண்சுவர் போன்ற, உறுதி குறைந்த வீடாக) இருந்தாலும், சமவெளியில் 1,20,000 ரூபாய். ஓலை, மண், பிளாஸ்டிக் ஷீட் போன்றவற்றால் கட்டிய, கச்சா வீட்டைவிடத் தாழ்ந்த தற்காலிகக் குடியிருப்புதான் அந்த விதியில் குடிசை. மண்சுவர் வைத்து, மேலே ஓடு வேய்ந்து, தலைமுறையாக வரி கட்டிவரும் வீட்டைப் பழக்கதோஷத்தில் “குடிசை” என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீடு அங்கீகாரம் உள்ளதா என்றும் கேட்பார்கள். பட்டாவும் வீட்டு வரி ரசீதும் அப்போது தேவைப்படும். எங்கள் பகுதியில் ஓர் அலுவலகத்தில் “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்று சொல்லி ஒரே சொல்லில் எல்லா வீட்டையும் எழுதினார்கள். திருத்தி எழுத வைக்க மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது.

அதே விதியில் கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, கோழிக்கு 100 ரூபாய். வீடு முழுதும் போன குடும்பத்துக்குத் துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 தனியாக உண்டு. இவை குடும்பக் கணக்கு. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் இருந்து ஒரே ரேஷன் கார்டாக இருந்தால் ஒன்றுதான். கல்யாணமான மகனுக்குத் தனிக் கார்டு எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். வைக்கோல் போருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. காலம் முடிந்ததும் தொகைகள் மாறும், அன்றைய தொகையைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உடனடி உதவியாகக் கொடுக்கும் அரிசி, வேட்டி சேலை வாங்கும்போது கையெழுத்துப் போடும் தாளைப் படித்துப் பாருங்கள். “முழு நிவாரணமும் பெற்றுக்கொண்டேன்” என்று இருந்தால் எதைப் பெற்றீர்களோ அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாம் நாள்: தீ விபத்து அறிக்கைக்கு நிலையத்தில் விண்ணப்பம். கட்டணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். பேங்க், காப்பீடு, கோர்ட் எல்லாவற்றுக்கும் இது வேண்டும், நான்கைந்து நகல் எடுத்துவையுங்கள். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ் எரிந்திருந்தால், பேரிடரில் கல்விச் சான்றிதழ் இழந்ததற்கான சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்து வாங்கலாம். அதை வைத்துத்தான் நகல் மதிப்பெண் பட்டியல் கேட்க முடியும். மின்சாரத்தால் பிடித்த தீ என்று சந்தேகம் இருந்தால் மின் ஆய்வாளருக்கும் ஒரு கடிதம் போடுங்கள், மின் விபத்துகளை விசாரிப்பது அவர் வேலை.

8. கூரையை மாற்றுவதும் நிலையம் கேட்பதும்

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசையில் இருப்பவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்ட 3.50 லட்சம் தருகிறார்கள். 360 சதுர அடி வீடு. சொந்த இடமும் பட்டாவும் வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் பாருங்கள், இல்லையென்றால் கிராம சபையில் எழுப்புங்கள். புறம்போக்கில் இருப்பவர்கள் முதலில் பட்டாவுக்கு அலைய வேண்டும், அது தனிக் கதை.

நிலையம் கேட்டுப் போடும் மனுவில் உருக்கம் குறைவாகவும் கணக்கு அதிகமாகவும் இருக்கட்டும்: இப்போதைய நிலையத்திலிருந்து தூரம், சுற்றியுள்ள ஊராட்சிகளும் மக்கள்தொகையும், ஐந்து வருடத்தில் அந்தப் பகுதியிலிருந்து போன தீ அழைப்புகள் (மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போட்டால் கிடைக்கும்), வண்டி வந்துசேர எடுத்த நேரம். அத்தனை ஊராட்சிகளின் தீர்மான நகலையும் சேர்த்துத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள். ஒரு நகல் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு, ஒன்று எம்.எல்.ஏ.வுக்கு. புது நிலைய அறிவிப்புகள் பெரும்பாலும் சட்டமன்றத்தில் தீயணைப்புத் துறை மானியக் கோரிக்கையின்போது (துறைக்கான நிதி விவாதத்தில்) வரும். ஆகவே மனு அதற்குச் சில மாதம் முன்பே கோப்பில் ஏறியிருக்க வேண்டும்.

மனு நிற்பது பெரும்பாலும் இடப் பிரச்சினையில்தான். மெயின் ரோட்டை ஒட்டிய அரசுப் புறம்போக்கின் சர்வே எண்ணை வி.ஏ.ஓ.விடம் கேட்டு மனுவிலேயே எழுதுங்கள். நீர்நிலைப் புறம்போக்கைக் காட்டாதீர்கள், அங்கேயே நின்றுவிடும். சொந்தக் கட்டடம் வரும் வரை வாடகைக் கட்டடத்தில் நிலையம் தொடங்குவது வழக்கம் என்பதால், வண்டி நிறுத்த இடமும் போர்வெல்லும் உள்ள காலிக் கட்டடம் ஏதாவது ஊரில் இருந்தால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள்.